ஏழாவது வட்டத்துக் காற்று

சுரங்க ஊரில் கோல்ஃப் மைதானமா என்று இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பாசித் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் பள்ளத்தைக் காட்டி, இங்கேதான் வெள்ளைத் தொப்பி போட்ட அதிகாரிகள் சனிக்கிழமை தவறாமல் பந்து அடித்தார்கள் என்றால் யார்தான் நம்புவார்கள்? ஆனாலும் இருந்தது. ஒன்பது குழிகள், ஒன்பது கொடிகள், தகரக் கூரை போட்ட ஒரு கிளப், இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு வேலையாள். அந்த ஆளின் கதைதான் இது.

ஊரில் எல்லாருக்கும் அவர் மணல்மாமா. மணல் ஏன் என்றால், அந்த மைதானத்தில் புல் கிடையாது. வருகிற தண்ணீரெல்லாம் நிலக்கரி கழுவவே போதாதபோது புல்லுக்கு யார் ஊற்றுவது? அதனால் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் முப்பதடி அகலத்துக்கு மணலைக் கொட்டி, லாரிகளில் வடித்த பழைய எண்ணெயை அதில் கலந்து, காற்றில் பறக்காதபடி உருளை போட்டு அழுத்தி வைத்திருந்தார்கள். அதற்கு வட்டம் என்று பெயர். வட்டத்தின் நடுவே குழி, குழிக்குள் அடிப்பக்கம் இல்லாத ஒரு தகர டப்பா, டப்பாவில் கொடிக்கம்பு. ஆடுகிறவர்களின் காலடித் தடங்களைப் பலகை இழுத்து அழித்து, வட்டத்தைத் தட்டு மாதிரி சமமாக வைப்பது அவர் வேலை. முப்பத்தோரு வருடம் அதைத்தான் செய்தார்.

ஆரம்பத்தில் அவரும் கீழே சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியவர்தான். அவருடைய அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் கீழே போனவர்கள். பத்தொன்பது வயதில் முதல் நாள் கூண்டில் ஏறினார். கூண்டு இறங்க இறங்க வெளிச்சம் ஒரு காசு அளவுக்குச் சுருங்கி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. கீழே நடந்த இருநூறாவது அடியில் எங்கோ முட்டுக்கொடுத்த மரம் ஒன்று 'முறுக்' என்றது. அவ்வளவுதான். நம் ஆள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுப்பிப் பார்த்தார்கள், திட்டிப் பார்த்தார்கள், கடைசியில் இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூண்டுக்குள் தள்ளி மேலே அனுப்பினார்கள். வெளியே வந்தபோது அவர் நாசியில் ஈர மரமும் வெடிமருந்துப் புகையும் கலந்த ஒரு நாற்றம் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ கட்டி சோப்பு கரைந்தது. அந்த நாற்றம் மட்டும் அவர் தலைக்குள்ளிருந்து போகவே இல்லை.

சுரங்க ஊரில் பயந்தவன் என்று பெயர் வாங்கினால் அது லேசில் விடாது. "என்ன மாமா, பாதாள லோகத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாமா?" என்று டீக்கடையில் இழுப்பார்கள். அவர் பெண்டாட்டியோ வாயாடி. அவளுக்கு வேலை விளக்கறையில். இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தலைவிளக்கும் எண் போட்ட பித்தளை வில்லையும் எடுத்துக் கொடுப்பாள். ஏறி வந்ததும் வாங்கி வில்லையைப் பலகையில் அதனதன் ஆணியில் மாட்டுவாள். வெற்று ஆணி தெரிந்தால் ஒரு ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். "ஊர் ஆம்பளைங்க எல்லாருக்கும் விளக்கு குடுத்துட்டேன். கட்டினவருக்குக் குடுக்கத்தான் எனக்குக் குடுத்து வைக்கல" என்று ஆள் கூடிய இடத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வேறு என்ன செய்ய?

அவர்களுக்கு ஒரே மகள். அவளைக் கட்டியவன் இருபத்தாறு வயதில் கீழே மேஸ்திரி ஆனவன், தூண் எடுக்கிற கும்பலுக்குத் தலைவன். தூண் எடுப்பது என்றால் சாதாரண வேலை இல்லை. நிலக்கரியை வெட்டும்போது கூரை விழாமலிருக்க அங்கங்கே கரியையே தூணாக விட்டுக்கொண்டு போவார்கள். ஒரு பகுதி முடிந்ததும், திரும்பி வரும் வழியில் அந்தத் தூண்களையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார்கள். மேலே இருக்கும் பூமி கொஞ்சம் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கத்தான் மைதானத்தின் ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும் சர்வேயர் ஒரு இரும்பு முளை அடித்து வைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிளப் வராந்தாவில் கருவியை நிறுத்தி முளைகளின் உயரத்தை அளப்பார். ஒரு முளை இரண்டு விரற்கடை இறங்கியிருந்தால், அதற்கு நேர் கீழே தூண் எடுப்பதை நிறுத்திவிட வேண்டும். சட்டம் அது.

மணல்மாமாவுக்கு சர்வேயர் இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: "முளையோட தலை எப்பவும் மணலுக்கு மேல தெரியணும். நான் வந்து தோண்டிட்டு இருக்க முடியாது." சரி என்றார். மேலே வேலை கொடுத்த புண்ணியவான்கள் சொன்னால் அவர் எதற்கும் சரி என்பார்.

தினமும் காலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பிலும் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்திருப்பார். அந்தப் புள்ளியில் பந்தை வைத்து ஒரு விரலால் மெல்லத் தட்டுவார். பந்து நேராக ஓடி டப்பாவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றால் வட்டம் சமம். ஆறு மாதமாக ஏழாவது வட்டத்தில் மட்டும் பந்து இடப்பக்கம் ஒதுங்கியது. மழை அரித்திருக்கும் என்று இரண்டு தள்ளுவண்டி மணல் போட்டார். சரியானது. பத்து நாளில் மறுபடி ஒதுங்கியது. மறுபடி போட்டார். மணல் ஏற ஏற முளையின் தலை புதைந்தது. தலை தெரிய வேண்டுமே! கடப்பாரையால் நெம்பி முளையை உயர்த்தி, அடியில் கல்லை இறுக்கி, மணலைத் தள்ளி மூடினார். இப்படி மூன்று தடவை. வட்டம் சமமாக இருந்தது, முளை பளிச்சென்று தெரிந்தது. வேலையில் அவரைக் குறை சொல்ல முடியுமா?

மூன்றாவது முறை அளக்க வந்த சர்வேயர் கருவியிலிருந்து கண்ணை எடுத்து, "ஏழாவது அசையவே இல்ல மாமா. பாறை மாதிரி நிக்குது" என்றார். மணல்மாமாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வீட்டில் வந்து இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த வாரம் மகளும் மருமகனும் சாப்பிட வந்திருந்தார்கள். கை கழுவிக்கொண்டே மருமகன் சிரித்தான். "மாமா, பக்கத்துத் தூணெல்லாம் எடுத்தாச்சு, நாளையிலேருந்து உங்க ஏழாவது வட்டத்துக்கு நேர் கீழ எடுக்கறோம். சர்வேயர் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. மேல நீங்க, கீழ நான். கூரையில தட்டினா கேக்குதான்னு பாருங்க."

"சும்மா இரு," என்றாள் மகள். "அப்பா ராத்திரி தூங்க மாட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் தூங்கத்தான் தூங்கினார். பயப்பட ஒன்றுமில்லை, ஏழாவது பாறை மாதிரி நிற்கிறது என்று சர்வேயரே சொல்லியிருக்கிறாரே!

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். ஆறு வட்டங்களை முடித்துவிட்டு ஏழாவதுக்கு வந்தார். அன்றைக்குக் காற்றே இல்லை. ஆறாவது கொடியும் எட்டாவது கொடியும் கம்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. ஏழாவது கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் அவருக்கு அது புரியவில்லை. ஏதாவது பூச்சி மொய்க்கிறதா என்று கிட்டப் போய்ப் பார்த்தார். கொடியின் நுனி மேல்நோக்கி லேசாகத் தூக்கித் தூக்கி விழுந்தது. மண்டியிட்டுக் கம்பைப் பிடுங்கினார். டப்பாவின் மேல் உள்ளங்கையை வைத்தார். கீழேயிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று வந்து கையில் பட்டது. குனிந்து முகர்ந்தார்.

ஈர மரம். வெடிமருந்துப் புகை.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டு ஓடி வந்தது, அவரைத் தேடிக்கொண்டு மேலே வந்துவிட்டது. பின்பக்கமாகவே நகர்ந்து வட்டத்தைவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். பூமி பிளந்திருக்கிறது, கீழிருக்கிற சுரங்கம் மேலே மூச்சு விடுகிறது. அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. மழை அரிக்கவில்லை, ஆறு மாதமாக வட்டம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அவர் மணல் போட்டு மூடிக்கொண்டே இருந்திருக்கிறார். முளையும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. அவர்தான் தூக்கித் தூக்கி நிறுத்தியிருக்கிறார். சர்வேயர் அளந்தது பூமியை இல்லை, இவருடைய கடப்பாரை வேலையை. அந்தக் கணக்கை நம்பித்தான் மருமகன் இந்த நிமிஷம் நேர் கீழே நிற்கிறான்.

உடனே ஓடியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை. பயம் மனிதனை என்னென்ன செய்ய வைக்கும் என்பது பயந்தவனுக்குத்தான் தெரியும். ஒரு கோணிப்பையை எடுத்து டப்பாவின் மேல் போட்டு மூடினார். பிறகு எட்டாவது வட்டத்துக்குப் போய்ப் பலகை இழுக்க ஆரம்பித்தார். முளையைத் தொட்டவன் நீ என்று தெரிந்தால் வேலை போகும், கம்பெனி வீடு போகும், ஜெயிலுக்குக்கூட அனுப்புவார்கள். ஒருவேளை ஒன்றும் இருக்காது. ஒருவேளை நாளைக்குச் சொல்லலாம். எட்டாவதைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். இழுத்த இடத்தையே மறுபடி இழுத்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தார், பார்த்தார். கோணிப்பை உப்பி எழுந்து, ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது.

பலகையைப் போட்டுவிட்டு ஓடினார்.

சர்வேயர் ஆபீசில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மணல்மாமா வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முளை..." என்றார். "நான்தான் தூக்கினேன்."

"என்ன மாமா? எந்த முளை?"

"ஏழாவது. தலை தெரியணும்னு சொன்னீங்களே. மணல் போட்டேன், புதைஞ்சுது, தூக்கினேன். மூணு தடவை. இப்ப குழிக்குள்ளேருந்து காத்து வருது. கீழ்க் காத்து."

சர்வேயர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எவ்வளவு தூக்கினீங்க? கையில காட்டுங்க."

மணல்மாமா கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார். ஒரு சாண். சர்வேயர் டெலிபோனை எடுத்துச் சுற்றினார். கீழே மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. டெலிபோன் இருப்பது ஒரு மூலையில், வேலை நடப்பது நானூறு அடி தள்ளி. கரி வெட்டுகிற சத்தத்தில் அது யார் காதில் விழப்போகிறது? இன்னொரு முறை சுற்றினார். மேனேஜர் அறைக்கு ஓடினார். மேனேஜர் ஊரில் இல்லை.

"நான் இறங்கறேன்," என்றார் சர்வேயர். தொப்பியைத் தேடி எடுத்தவர் நின்றார். "மாமா, நீங்களும் வரணும்."

"நானா?"

"ஏழாவது கெட்டியா இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்ட தாள் அவங்க பாக்கெட்ல இருக்கு. அது பொய்னு நானே போய்ச் சொன்னா எவன் நம்புவான்? முளையைத் தூக்கின ஆள் வந்து சொல்லணும்."

மணல்மாமா முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கால்கள் பாட்டுக்கு சர்வேயரின் பின்னால் நடந்தன.

விளக்கறையில் அவர் பெண்டாட்டி ஒரு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் சன்னலுக்கு முன்னால் வந்து நின்றதைப் பார்த்ததும் வழக்கம்போல ஏதோ கேலி அவள் வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுபோனது.

"ஒரு விளக்கு குடு," என்றார்.

"எதுக்கு?"

"ஏழாவது இறங்குது. அவனை வெளிய கூட்டிட்டு வரணும்."

அவள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். மருமகனுடைய இருநூற்றுப் பதினாலாவது ஆணி வெறுமையாக இருந்தது. அதற்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஆறு ஆணிகள் வெறுமையாக இருந்தன. கதவைத் திறந்து வெளியே வந்து, அவர் தலையில் விளக்கு மாட்டிய தொப்பியை வைத்து, வாரைத் தானே இறுக்கிக் கட்டினாள். இரண்டு முறை வார் நழுவியது. எண் இல்லாத ஒரு வில்லையை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "போயிட்டு வாங்க," என்றாள். அந்தச் சாதாரண வார்த்தையை அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

கூண்டு இறங்கியது. வெளிச்சம் மறுபடி ஒரு காசு அளவுக்குச் சுருங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் இருட்டு, திறந்தாலும் இருட்டு. கீழே கால் வைத்ததும் நாற்றம் ஓடி வந்து மூக்கில் ஏறியது. சர்வேயர் முன்னால் நடக்க, அவர் சர்வேயரின் சட்டை முனையைச் சின்னப் பிள்ளை போலப் பிடித்துக்கொண்டார். வெட்கமெல்லாம் மேலேயே இருந்துவிட்டது. 'முறுக்' என்று ஒரு மரம் சொன்னது. உட்கார்ந்துவிடு, உட்கார்ந்துவிடு என்று முழங்கால் கெஞ்சியது. இன்னொரு மரமும் சொன்னது. தோளில் பொலபொலவென்று ஏதோ உதிர்ந்தது. விளக்கைத் திருப்பிப் பார்த்தார். கரித்தூள் இல்லை. எண்ணெய் ஊறிய கறுப்பு மணல். அவர் கையால் இழுத்து இழுத்துச் சமப்படுத்திய மணல், தலைக்கு மேல் கூரைப் பிளவிலிருந்து கோடாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அப்போதும் அவர் நடந்தார். எப்படி நடந்தார் என்று பின்னால் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: தெரியாது.

வேலை நடக்கிற இடத்தில் ஆறேழு விளக்குகள் தெரிந்தன. மருமகன் ஒரு தூணின் மேல் கையை ஊன்றி யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். வருகிற வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பினான். முதலில் சர்வேயரைப் பார்த்தான். பிறகு சர்வேயருக்குப் பின்னால், சட்டையைப் பிடித்துக்கொண்டு, பேயறைந்த முகத்தோடு நிற்கும் மாமனாரைப் பார்த்தான்.

"இங்க பாருங்க மேஸ்திரி, அந்தக் கணக்குல ஒரு..." என்று சர்வேயர் ஆரம்பித்தார்.

மருமகன் அதைக் கேட்கவே இல்லை. "எல்லாரும் வெளிய!" என்று கத்தினான். "போட்டது போட்டபடி கிடக்கட்டும். ஓடுங்கடா!"

ஓடினார்கள். மருமகன் மாமனாரின் இடுப்பில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு ஓடினான். கூண்டு இரண்டு நடையாக எல்லாரையும் ஏற்றியது. விளக்கறையில் அவள் வில்லைகளை வாங்கி வாங்கி மாட்டினாள். இருநூற்றுப் பதினாலைக் கையில் வாங்கியபோது மட்டும் ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு ஆணிகளும் நிறைந்தன. சர்வேயருடையதும் வந்துவிட்டது. ஆனால் கொடுத்த கணக்குக்கு ஒரு வில்லை குறைந்தது, அவசரத்தில் எண் இல்லாமல் கொடுத்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது. "இன்னும் யாரு? கீழ இன்னும் யாரு?" என்று அலறிவிட்டாள். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மருமகன்தான் சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமனாரைக் காட்டினான். அவருடைய வலது கை இறுக மூடியிருந்தது. திறக்கச் சொன்னால் அவரால் திறக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள். வில்லையின் விளிம்பு உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு முன்பே தரை அதிர்ந்தது. கிளப்பின் கண்ணாடிகள் உடைந்தன. ஏழாவது வட்டம் இருந்த இடத்தில் ஒரு வீடு முங்குகிற ஆழத்துக்குக் குழி. சாயங்காலத்துக்குள் எட்டாவதும் போனது, அந்த மாதத்துக்குள் ஆறாவதும் பாதி ஐந்தாவதும். கம்பெனி வேலி போட்டது. மைதானத்தின் சரித்திரம் அவ்வளவுதான். பிறகு வந்ததெல்லாம் மழைத் தண்ணீர்.

விசாரணை, மீதியிருந்த கிளப் கட்டிடத்தில் நடந்தது. வெளியூரிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்திருந்தார்கள். முளையைத் தூக்கியது யார் என்று கேட்டதும் மணல்மாமா எழுந்து நின்று, "நான்தாங்க" என்றார். குரல் கடைசி நாற்காலி வரை கேட்டது. அவர் வேலை அன்றைக்கே போனது, வீட்டுக்கு ஒரு மாதக் கெடு. அவர் எதிர்த்துப் பேசவில்லை. பிறகு மருமகனைக் கூப்பிட்டார்கள்.

"எழுத்து மூலமா உத்தரவு எதுவும் இல்ல. சர்வேயர் விஷயத்தைச் சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடியே ஆளுங்களை வெளிய அனுப்பியிருக்கீங்க. எதை வச்சு அனுப்பினீங்க?" என்று நடுவிலிருந்த அதிகாரி கேட்டார்.

"எங்க மாமா கீழ வந்தாருங்க."

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "அவரு மணல் இழுக்கறவர்தானே? சுரங்கத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க," என்றான் மருமகன். "பயப்படத்தான் தெரியும். முப்பது வருஷமா இந்த ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்குது, நானும் சிரிச்சிருக்கேன். அந்த மனுஷனே இறங்கி வந்து என் முன்னாடி நிக்கறாருங்க. அதுக்கு மேல நான் என்னத்தைக் கேக்கறது?"

அதிகாரிகளில் ஒருவர் லேசாகச் சிரித்தார். சுரங்கத்து ஆட்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, இதை எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் பேனாவைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதுங்க," என்றாள் விளக்கறைக்காரி, பின் வரிசையிலிருந்து.